ஸ்தேவான் வீட்டுக்காரி

ராசம்மாளுக்குப் பவுலைப் பிடிக்காது. உபதேசியார் பெண்சாதியாக இருந்துகொண்டு அப்போஸ்தலரைப் பிடிக்காது என்று சொல்வது, சிதம்பரத்தில் தீட்சிதர் வீட்டில் விபூதி ஆகாது என்று சொல்வதைப் போலத்தான். ஆனாலும் சொல்வாள். மீன் ஆய்ந்துகொண்டே, ஈர விறகோடு மல்லுக்கட்டிக்கொண்டே, நாளெல்லாம் நின்ற காலை நீட்டிப் பிடித்துவிட்டுக்கொண்டே சொல்வாள்.

கதை தெரிந்ததுதான். சவுல் என்று ஒருவன். புதிதாகக் கிளம்பியிருந்த இயேசு கூட்டத்தாரை வீடு வீடாகப் புகுந்து இழுத்துப் போய் ஜெயிலில் போட்டவன். ஸ்தேவான் என்கிற நல்ல மனிதரைக் கல்லெறிந்து கொன்றபோது, எறிந்தவர்கள் கழற்றிப் போட்ட மேல்துணிக்குக் காவல் நின்றவன். இன்னும் நாலு பேரைப் பிடித்து வரலாம் என்று தமஸ்கு பட்டணத்துக்குப் போகிற வழியில் வெளிச்சம் அடித்துக் கீழே விழுந்தான். என்னை ஏன் இப்படி வதைக்கிறாய் என்று மேலேயிருந்து ஒரு குரல் கேட்டது. எழுந்தால் கண் தெரியவில்லை. அப்புறம் கண் திறந்தது, சவுல் பவுலானார், ஊர் ஊராகச் சபை வைத்தார், கடிதம் கடிதமாக எழுதினார். கிறிஸ்தவ மதத்தின் பாதிக் கட்டடம் அந்தக் கடிதங்களின் மேல்தான் நிற்கிறது என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். நிற்கட்டும். ராசம்மாள் கேட்டது வேறு.

"ஸ்தேவானுக்குப் பொண்டாட்டி இருந்திச்சா?"

"வேதத்துல எழுதலியே ராசம்மா" என்பார் அவள் புருஷன் வைத்திலிங்கம்.

"எழுத மாட்டாங்க. வெளிச்சம் பாத்தவன் கதைய மட்டும் மூணு வாட்டி எழுதுவாங்க."

மூன்று இடத்தில் எழுதியிருப்பது உண்மைதான். வைத்திலிங்கம் சிரித்துக்கொள்வார். கை நன்றாக இருந்த வரைக்கும் வாரத்தில் ஆறு நாள் கொத்தனார், ஞாயிற்றுக்கிழமை உபதேசியார். மாதத்துக்கு ஒருமுறை சிதம்பரத்திலிருந்து குருவானவர் வந்து அப்பமும் திராட்சைரசமுமாகத் திருவிருந்து கொடுப்பார். மற்ற ஞாயிறுகளில் ஜெபம் நடத்துவது இவர் பொறுப்பு. அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் தானியேல். அந்தப் பெயரை அவரைத் தவிர யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

பவுலைப் பற்றி அவருக்கு ஒரே ஒரு பிரசங்கம்தான் தெரியும். அதையே மாற்றி மாற்றிச் செய்வார். "அந்தாளு அடிச்சது தெருவுல போற நாலு ஏழைங்கள. மேலேருந்து கேட்ட குரலு அவங்கள ஏன் அடிக்கறன்னு கேக்கல. என்னை ஏன் அடிக்கறன்னு கேட்டுது. அப்பதான் அவருக்குப் புரிஞ்சிது, அவங்க வேற இவரு வேற இல்ல, எல்லாம் ஒரே ஒடம்புன்னு. அப்பறம் அவரு எழுதினது மொத்தமும் அந்த ஒரு கேள்வியிலேருந்து மொளைச்சதுதான்." கேட்டுக் கேட்டு ராசம்மாளுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. அவர் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது; பிரசங்கம் மட்டும் காதில் அப்படியே இருக்கிறது.

அன்றைக்கு ஐப்பசி மழை. சிதம்பரத்தில் பெண்கள் விடுதி ஒன்றில் அவளுக்குச் சமையல் வேலை. காலை டிபன், மதியச் சாப்பாடு, ராத்திரிக்கு மாவு ஆட்டி வைப்பது எல்லாம் முடித்து மினி பஸ்ஸில் குமராட்சி பக்கம் வந்து இறங்குவதற்குள் முதுகு விட்டுப்போயிருந்தது. கொள்ளிடக் கரை ஓரத்து ஊர் அது. கீழத்தெருவின் கடைசியில் அவள் வீடு. வாசலில் மாசிலாமணி ஐயர் குடையும் கையுமாக நின்றுகொண்டிருந்தார். சபையில் குருவானவரை ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஓய்வு பெற ஒரு வருஷம்கூட இல்லாத மனிதர், சர்க்கரை வேறு. இந்த மழையில் இவர் எதற்கு வந்தார் என்று நினைத்துக்கொண்டே கதவைத் திறந்தாள்.

"டீ போடறேன் ஐயா."

"வேணாம் ராசம்மா. உக்காருங்க. நீங்களே அலுத்துப்போய் வந்திருக்கீங்க." கொஞ்ச நேரம் குடையின் கைப்பிடியையே பார்த்தார். "மேலத்தெரு சடையப்பன் ஞானஸ்நானம் கேக்கறாரு."

ராசம்மாள் ஈரப் பையை ஆணியில் மாட்டினாள். மறுபடி எடுத்தாள். மறுபடி மாட்டினாள்.

"நாலஞ்சு மாசமா வந்து கோயிலுக்கு வெளிய வேப்பமரத்தடியில நிக்கறாரே, பாத்திருப்பீங்க."

"பாத்தேன். தம்பி ஊருக்கு வந்திருக்கானான்னு பாக்க வரான்னு நெனச்சேன்."

"நம்ம சபை வழக்கம் தெரியும் உங்களுக்கு. ஞானஸ்நானத்துக்கு முன்னால பேர வாசிச்சு, யாருக்காவது ஆட்சேபம் உண்டான்னு கேக்கணும். அங்க வச்சி உங்களக் கேக்க எனக்கு மனசு வரல. நீங்க வேண்டாம்னு சொன்னா நான் செய்யல."

சுமையை இறக்கி வைக்க மனிதர்கள் எப்போதும் ஒரு பெண்பிள்ளையின் தலையைத்தான் தேடுகிறார்கள் என்று ராசம்மாளுக்குத் தோன்றியது. ஐயர் மேல் கோபம்கூட வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டியிருக்கிறது.

சடையப்பன் யார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அதற்கு டீக்கடையிலிருந்து தொடங்க வேண்டும். ஊர் முக்கிலிருந்த அந்த டீக்கடையில் கீழத்தெருக்காரர்களுக்குத் தனி கிளாஸ். கண்ணாடி கிளாஸ் மேலத்தெருவுக்கு. மூங்கிலில் செருகியிருக்கும் அலுமினியத் தம்ளர் இவர்களுக்கு. குடித்துவிட்டு இவர்களே கழுவிச் செருக வேண்டும். வைத்திலிங்கம் கடலூரில் கட்டட வேலைக்குப் போயிருந்த காலத்தில் ஒரு கிறிஸ்தவக் கோயிலில் திருவிருந்தைப் பார்த்தார். எல்லாரும் வரிசையாக முட்டி போட்டிருக்க, ஒரே பாத்திரத்தில் ஒருவர் வாய் வைத்துக் குடித்ததை அடுத்தவர் வாய் வைத்துக் குடித்தார்கள். வேலையை விட்டுவிட்டு வந்தவர் போல வீட்டுக்கு ஓடிவந்து, "ஒரே கிண்ணம் ராசம்மா, ஒரே கிண்ணத்துல குடிக்கறாங்க" என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார். அவர் வேதம் படித்து வேதத்துக்கு வந்தவர் இல்லை. அந்தக் கிண்ணத்தைப் பார்த்து வந்தவர்.

கீழத்தெருவில் கீற்றுக்கொட்டகை போட்டு ஜெபம் நடக்க ஆரம்பித்ததை ஊர் கண்டுகொள்ளவில்லை. சடையப்பனின் தம்பி இளவரசு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து, பிறகு ஞானஸ்நானம் பெற்று, இங்கேயும் எல்லாருக்கும் ஒன்றாக இருந்த திருவிருந்துப் பாத்திரத்தில் வாய் வைத்துக் குடித்தான் என்று தெரிந்தபோதுதான் வந்தது வினை. யார் வாய் வைத்த பாத்திரத்தில் யார் வாய் வைப்பது. தொண்ணூற்றெட்டில் ஒரு சாயங்காலம் சடையப்பன் ஆட்களோடு வந்தான். கொட்டகையைப் பிரித்துப் போட்டார்கள். பாத்திரம் எங்கே என்று கேட்டு அவன் கட்டையை ஓங்கினான். தலையைக் காத்துக்கொள்ள வைத்திலிங்கம் வலது கையைத் தூக்கினார். முழங்கை நொறுங்கியது. பாத்திரம் அன்றைக்கு ராசம்மாளின் அரிசிப் பானைக்குள் இருந்தது.

கை கூடவில்லை. வளைந்து நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. கரண்டி பிடிக்காத கொத்தனார் என்ன கொத்தனார். வழக்கு சமரசம் என்ற பெயரில் மறைந்தது. இளவரசு திருப்பூர் பக்கம் போய்விட்டான். ராசம்மாள் விடுதி அடுப்புக்குப் போனாள். ஒரு அடியில் அவருக்குக் கை போயிற்று. அவளுக்கு அன்றிலிருந்து உட்காருவது போயிற்று. இதை வேதத்தில் யாரும் எழுதப்போவதில்லை.

"பவுலுக்கு நடந்தத யோசிச்சுப் பாருங்க ராசம்மா" என்றார் ஐயர், மெதுவாக. "அவரு கெட்டவர் இல்ல. நோன்பு, ஜெபம், நியாயப்பிரமாணம்னு சொல்ற வேதச் சட்டம், ஒண்ணும் குறை வைக்காதவரு. அவ்வளவையும் வச்சிக்கிட்டேதான் அடிக்கப் போனாரு. அடிக்கப் போற வழியில, திருந்தறதுக்கு முன்னாலயே, கடவுள் கூப்பிட்டுட்டாரு. அதனாலதான் அவரு அப்புறம் கடைசி வரைக்கும் சொன்னாரு, கிருபைய யாரும் சம்பாதிக்க முடியாது, அது சும்மா கெடைக்கறதுன்னு. அந்த வழியில அவரு விழுந்திருக்கலேன்னா நம்ம உபதேசமே வேற மாதிரி இருந்திருக்கும்."

"அவருக்கு சும்மா கெடைச்சிது ஐயா. ஸ்தேவான் வூட்டுக்காரிக்கு?"

ஐயர் குடையைக் கையில் எடுத்தார். அவருடைய தாத்தா காலத்திலிருந்தே பதில் இல்லாத கேள்வி அது என்பது அவர் முகத்தில் தெரிந்தது. "எனக்குத் தெரியல ராசம்மா" என்றார். "யோசிச்சு சொல்லுங்க. அவசரம் இல்ல." குடையை விரித்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனார். அவசரம் இல்லை என்று சொல்லும் மனிதர் மழையில் வந்திருக்க மாட்டார்.

அடுத்த வாரம் சடையப்பனே வந்தான். ஊருக்குள் அவள் வீட்டுக்கு வந்தால் இரண்டு தெருவும் பேசும் என்று சிதம்பரத்துக்கு வந்திருந்தான். விடுதியின் பின்பக்கக் கதவருகே அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தால் கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறான். மெலிந்து போயிருந்தான். அந்தச் சாயங்காலத்தில் பார்த்த தோளும் மீசையும் இப்போது வேறு யாருடையதோ போல இருந்தன.

"நான் சடையப்பன்."

"தெரியிது."

"உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணுங்க."

உங்ககிட்ட. மேலத்தெரு நாக்கிலிருந்து இவள் வயசுக்கு முதல் தடவையாக அந்தச் சொல் வந்து விழுந்தது. அவனுக்கே அது புது செருப்பு மாதிரி கடித்திருக்க வேண்டும். ராசம்மாள் எழுந்திருக்கவும் இல்லை, போ என்று சொல்லவும் இல்லை. வெங்காயத்தை உரித்துக்கொண்டிருந்தாள்.

"சுனாமி வந்தப்ப நான் தேவனாம்பட்டினத்துல இருந்தங்க. மீன் லோடு ஏத்த வண்டி எடுத்துட்டுப் போயிருந்தேன். வண்டிய அல இழுத்துட்டுப் போயிட்டுது. என்னை ஒரு செவுத்துல அடிச்சிப் போட்டுது. அப்பறம் கேம்ப்புல கெடந்தேன். கட்டிக்கத் துணி கெடையாது. மறுநா சோறு போடறாங்கன்னு வரிசையில போய் நின்னேன். தட்ட நீட்டினா, போடற ஆளு எடது கையால போடறான்."

அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"எனக்குக் கோவம் வந்துடுச்சிங்க. எல்லாம் போயி, பொணத்துக்கு நடுவுல நிக்கறேன், அப்பவும் கோவம் வருது பாருங்க. எவன்டா அவன், எச்சக் கைக்காரனா நீ, எடது கையாலயா சோறு போடுவேன்னு கத்தினேன். வரிசையே திரும்பிப் பாத்துது. அந்த ஆளு நிமிந்து பாத்தாரு. வலது கை தூக்க வராதுங்க, கோவிச்சிக்காதிங்கன்னாரு. அப்பதான் அந்தக் கையப் பாத்தேன்."

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கத்தி நின்றது.

"நான் அடிச்ச கைங்க. ஓடிப்போயிடலாம்னு பாக்கறேன், கால் வரல. அவரு என் மொகத்தப் பாத்து, இன்னும் கொஞ்சம் போடட்டுங்களான்னு கேட்டாரு."

"நீங்க இன்னா பண்ணீங்க?"

"நீட்டினங்க" என்றான் சடையப்பன். "பசி."

உள்ளே குக்கர் கத்தி அடங்கியது. யாரோ ராசம்மாக்கா என்று கூப்பிட்டார்கள். தோ வரேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தே இருந்தாள்.

"அதுலேருந்து ஒரு வேளை சோறு நிம்மதியா எறங்கலிங்க. அவருக்கு என்னை அடையாளம் தெரியல, அதான் போட்டாருன்னு நெனச்சித் தேத்திக்கிட்டேன். வந்து சொல்லிடலாம்னு எத்தனையோ வாட்டி கெளம்பினேன். அவரு இருந்த வரைக்கும் மொகம் இல்ல. போனப்பறந்தான் வர முடிஞ்சிது. நீங்க வேணான்னா நான் அந்த வேப்பமரத்தடியிலயே நின்னுக்கறேன். ஐயர்கிட்ட நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம், நானே சொல்லிடறேன். இதச் சொல்லிட்டுப் போவணும்னுதான் வந்தேன்."

அவன் போய்விட்டான். ராசம்மாள் உள்ளே போய் சாம்பாருக்குத் தாளித்தாள். கடுகு கருகிப்போனது. அத்தனை வருஷத்தில் அவள் கடுகைக் கருக விட்டதில்லை.

சாயங்காலம் மினி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார இடம் கிடைத்தது. வழியெல்லாம் நாற்று மூழ்கிக் கிடந்த வயல்கள். அவருக்குச் சடையப்பனை அடையாளம் தெரியவில்லையாம். வைத்திலிங்கத்துக்கு இருட்டில் நடையை வைத்தே ஆளைச் சொல்லத் தெரியும். மேலத்தெரு, கீழத்தெரு இரண்டிலும் அவர் வாயால் பெயர் சொல்லாத மாடுகூடக் கிடையாது. தன் கையை உடைத்தவனின் முகம் தெரியாமல் போகுமா.

அவளுக்கு ஞாபகம் வந்தது. சுனாமி முகாமில் சோறு போடச் சபை ஆட்களோடு போயிருந்த அவர் கடலூரிலிருந்து திரும்பி வந்த அன்றைக்கு, சேறும் நாற்றமுமாக வந்து உட்கார்ந்து, "ராசம்மா, எடது கையால போட்டா சோறு ருசி மாறுமா?" என்று கேட்டார். "பயித்தியமா உங்களுக்கு, போய்க் குளிங்க" என்றாள். அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். அங்கே பார்த்த பிணங்களை நினைத்து அழுகிறார் என்று இவள் விட்டுவிட்டாள்.

தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் போட்டிருக்கிறார். வந்து இவளிடம் சொல்லவில்லை. அங்கேயே, கடற்கரையிலேயே, தனியாக மன்னித்துவிட்டு வந்து குளித்துவிட்டார். அந்த நேரத்தில் இவள் என்ன செய்துகொண்டிருந்தாள்? யார் வீட்டுப் பெண்களுக்கோ இட்லி ஊற்றிக்கொண்டிருந்தாள். அவர் மன்னித்தது அவர் கையை. இவள் முதுகை மன்னிக்க அவருக்கு யார் அதிகாரம் கொடுத்தது? செத்துப்போன புருஷன் மேல் இவ்வளவு கோபம் வரும் என்று அவளுக்குத் தெரியாது. சடையப்பன் மேல் வந்த கோபத்தைவிட இது ஜாஸ்தியாக இருந்தது. பஸ்ஸிலேயே அழுதாள். பக்கத்திலிருந்தவள் என்ன என்று கேட்டதற்கு வெங்காயம் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஐயர் பெயரை வாசித்து ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். ராசம்மாள் வாயைத் திறக்கவில்லை. சம்மதம் என்று அதற்கு அர்த்தமில்லை. மறுப்பதற்குக் காரணம் இருந்தது, மறுக்கத் தெம்பு இல்லை, அவ்வளவுதான். கிறிஸ்துமஸுக்கு அடுத்த ஞாயிறு ஞானஸ்நானம், அன்றைக்கே திருவிருந்து என்று முடிவாயிற்று.

அதன் பிறகுதான் அவளுக்கு அந்த வரிசை உறைத்தது. திருவிருந்தில் முதலில் ஆண்கள் முட்டி போடுவார்கள், பிறகு பெண்கள். புதிதாகச் சேர்ந்தவர் ஆண்களில் கடைசி. உபதேசியார் பெண்சாதி பெண்களில் முதல். வைத்திலிங்கம் போன பிறகும் அந்த இடத்தை யாரும் மாற்றவில்லை. சடையப்பன் வாய் வைத்த பாத்திரம் நேரே அவள் வாய்க்கு வரும்.

ஐயருக்கும் அது உறைத்திருக்க வேண்டும். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் கடலூரிலிருந்து வரும்போது ஒரு அட்டைப்பெட்டி கொண்டுவந்தார். திருவிருந்துக்கான திராட்சைரசத்தைக் காய்ச்சுவதும் பாத்திரம் துலக்குவதும் ராசம்மாளின் வேலை என்பதால் பெட்டி அவள் வீட்டுக்கு வந்தது. உள்ளே சின்னச் சின்ன எவர்சில்வர் குவளைகள், அவற்றை அடுக்கக் குழி வைத்த தட்டு.

"பன்றிக் காய்ச்சல் பரவுதில்ல" என்றார் ஐயர். "பெரிய கோயில்கள்ல எல்லாம் ஆளுக்கொரு குவளையா மாத்திட்டாங்க. நாமளும் மாத்திடலாம்."

ராசம்மாள் ஒரு குவளையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பன்னிக் காச்சலா, சடையப்பன் காச்சலா ஐயா?"

ஐயர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "ரெண்டும்தான் வச்சிக்கங்களேன். எனக்கு வயசாயிடுச்சு ராசம்மா. போறதுக்கு முன்னால யாரையும் அழ வைக்கக் கூடாதுன்னு பாக்கறேன்." சுவரில் சாய்ந்துகொண்டார். "காலேஜ்ல பவுலப் பத்தித்தான் நான் பெருசா எழுதினேன். அந்தியோகியாவுல ஒரு சண்டை. பேதுரு எல்லா சாதியோடயும் ஒண்ணா ஒக்காந்து சாப்பிட்டுட்டிருந்தவரு, எருசலேம்லேருந்து பெரிய மனுஷங்க வந்ததும் பயந்துகிட்டு வேற பந்திக்குப் போயிட்டாரு. பவுல் அத்தன பேர் முன்னாலயும் வச்சி அவர மடக்கிட்டாரு. மூத்த அப்போஸ்தலர. ஏன் அவருக்கு அவ்வளவு ஆத்திரம்னு யோசிச்சிருக்கேன். கண்ணு தெரியாம பட்டினி கெடந்தவரு, கண்ணு தொறந்ததும் மொதல்ல சாப்பிட்டது யார் வீட்டுல? யாரக் கட்டி இழுக்க வந்தாரோ அவங்களோட ஒக்காந்து. அந்தச் சோத்தத் தின்னவருக்குத் தனிப்பந்தி எப்படிப் பொறுக்கும்."

"அவரு கடைசி வரைக்கும் அத மறக்கலியா ஐயா?"

"மறக்கல. வயசான காலத்துலயும், சபைய அடிச்சவன் நான், அப்போஸ்தலர்ல கடைசி ஆள் நான்னு எழுதிட்டேதான் இருந்தாரு." ஐயர் குவளைகளைப் பார்த்தார். "இதுல மொதல்ல வெக்கப்பட வேண்டியவன் நான். ஆனா இருக்கட்டும் ராசம்மா. ஒங்களுக்கு இது லேசா இருக்கும்."

லேசாகத்தான் இருந்தது. அவர் போன பிறகு அவள் நிம்மதியாக ஒரு தூக்கம் தூங்கினாள். மறுநாள் குவளைகளைக் கழுவி வெயிலில் காய வைத்தாள். தண்ணீர் வடியட்டும் என்று, கையால் செய்து பழகிய வேலையாக, வேலியோரத்து மூங்கிலில் ஒவ்வொன்றாகக் கவிழ்த்துச் செருகினாள். செருகிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

டீக்கடை. அப்படியே இருந்தது. மூங்கிலில் வரிசையாகத் தம்ளர்கள், குடித்தவன் கழுவிச் செருகி வைத்த தம்ளர்கள். அன்றைக்கு அவளை ஒதுக்கி வைக்கச் செருகினார்கள். இன்றைக்கு அவளே செருகியிருக்கிறாள், இன்னொருவனை ஒதுக்க. வைத்திலிங்கம் எந்தக் கிண்ணத்தைப் பார்த்துவிட்டு ஓடிவந்தாரோ, எந்தக் கிண்ணத்தைக் கொடுக்காமல் கையைக் கொடுத்தாரோ, அதை ஒதுக்கி மூடி வைப்பது சடையப்பனாக இருந்திருந்தால் அவளுக்குப் புரிந்திருக்கும்.

"உங்களுக்கு வேற வேல இல்ல" என்று அவள் சொன்னது வைத்திலிங்கத்திடம். குவளைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பெட்டியில் போட்டாள். பழைய பாத்திரத்தை எடுத்துப் பல்பொடி போட்டுத் துலக்க உட்கார்ந்தாள். வெள்ளி முலாம் பாதி போய்விட்டிருந்தது. எவ்வளவு துலக்கினாலும் அது அப்படித்தான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. மேலத்தெருவிலிருந்து யாரும் வரவில்லை, இளவரசு மட்டும் திருப்பூரிலிருந்து வந்திருந்தான். ஞானஸ்நானத்தில் புதிய பெயர் ஏதாவது வைக்கலாமே, பவுல் என்று வைக்கலாமே என்று சபை மூப்பர் ஒருவர் சொல்லியிருக்கிறார். வேண்டாங்க, சடையப்பனே இருக்கட்டும், யாரு வந்தான்னு ஊருக்குத் தெரியணும் என்று அவன் சொல்லிவிட்டானாம். கேள்விப்பட்டபோது ராசம்மாளுக்கு அவனை முதல் தடவையாகக் கொஞ்சம் பிடித்தது. அது அவளுக்கே பிடிக்கவில்லை.

ஐயர் மேசையின் மேல் குவளைத் தட்டைத் தேடினார். பழைய பாத்திரம் இருந்தது.

"குவளைங்களக் கழுவ நேரமில்லிங்க ஐயா" என்றாள் ராசம்மாள்.

ஐயர் அவளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

சடையப்பன் தலையில் தண்ணீர் ஊற்றப்பட்டது. வெளிச்சம் எதுவும் அடிக்கவில்லை. மின்சாரம் போய் மின்விசிறிதான் நின்றது. பிறகு ஆண்கள் முட்டி போட்டார்கள். கடைசியில் அவன். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்ட, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், பாத்திரத்தின் விளிம்பில் வாய் வைத்தான். பல் விளிம்பில் பட்டுச் சத்தம் கேட்டது. தேடி வந்து உடைக்கப் பார்த்த பாத்திரம். ஐயர் வெள்ளைத் துணியால் விளிம்பைத் துடைத்து, வழக்கம்போல் சற்றுத் திருப்பி, ராசம்மாளிடம் வந்தார்.

அவள் குடித்தாள். ரசம் கொஞ்சம் அதிகமாகக் காய்ந்துவிட்டது என்று மட்டும் தோன்றியது. மனசு இளகவில்லை. பாரம் இறங்கவில்லை. முட்டி வலித்தது. ஆனால் குடித்தாயிற்று. எழுந்து தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள்.

ஆராதனை முடிந்து கோயில் பக்கத்துக் கொட்டகையில் சாப்பாடு. சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் ராசம்மாளின் சமையல். தட்டோடு எல்லாரும் பந்தியில் உட்கார்ந்திருக்க, அவள் அன்னக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையாகப் போட்டுக்கொண்டு வந்தாள். கடைசியில் தூணோரம் சடையப்பன் உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் வந்ததும் நின்றாள். கூடையை வலது இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். கரண்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள்.

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். வீட்டுக்கு வந்த எதிரிக்குக்கூட யாரும் இடது கையால் சோறு போடுவதில்லை. இளவரசு எழுந்திருக்கப் போனான். ஐயர் அவன் தோளில் கை வைத்து உட்கார்த்தினார்.

சடையப்பன் கரண்டியைப் பார்த்தான். அவள் கையைப் பார்த்தான். முகம் வெளுத்துப்போயிற்று. தட்டை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி நீட்டினான். அவள் போட்டாள்.

"கிண்ணத்துல ஒண்ணா குடிச்சிட்டோம்" என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "அது அவருக்காவ. ஆனா நீங்க இங்க எப்ப சாப்பிட்டாலும் எனக்கு வலது கை தூக்க வராதுங்க. கோவிச்சிக்காதிங்க."

"சரிங்க" என்றான் சடையப்பன். அவன் கண்ணிலிருந்து வழிந்தது சோற்றில் விழுந்தது. அதை அவன் துடைக்கவில்லை.

ராசம்மாள் அடுத்த ஆளுக்குப் போகத் திரும்பினாள். அடுத்த ஆள் இல்லை, அவன்தான் கடைசி. கூடையில் சோறு மிச்சமிருந்தது. அவளுக்கு எங்காவது உட்கார வேண்டும் போலிருந்தது.

"இன்னும் கொஞ்சம் போடட்டுங்களா?" என்று கேட்டாள்.

அவன் தட்டை நீட்டினான்.